கண்டுமுதல்

எங்கள் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மஞ்சள் நிறத்தில் ஓர் உப்புமா போடுவார்கள். அமெரிக்காவிலிருந்து கேர் நிறுவனம் அனுப்பிய மக்காச்சோள ரவை. அலுமினியத் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்போம். தெற்குத் தெருச் சேரிப் பிள்ளைகளுக்குத் தனி வரிசை. நாலு பக்கமும் நெல் வயல். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் கதிரைத் தொடலாம். தஞ்சாவூர் ஜில்லாவை நெற்களஞ்சியம் என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பார். அந்த வயல்களில் இறங்கி நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் கடல் கடந்து வந்த ரவைக்காகத் தட்டேந்தி நின்றார்கள். அதில் ஏதோ சரியில்லை என்று அந்த வயதில் தோன்றவில்லை. பசி தோன்றியது, அவ்வளவுதான்.

அப்பா கிராம சேவக்காக இருந்தார். கீழ்வேளூர் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில் போக வேண்டிய ஊர் எங்களுடையது. திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில், வாய்க்கால்களுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிற மாதிரி இருக்கும். பஞ்சாயத்து யூனியன் ஆபீசிலிருந்து விதை, உரம், மருந்து, யோசனை எல்லாம் அப்பாவின் ராலி சைக்கிள் கேரியரில்தான் ஊருக்குள் வந்தன. 1960-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் யோசனைப்படி நாடு முழுவதும் சில ஜில்லாக்களைப் பொறுக்கியெடுத்து ‘பேக்கேஜ் திட்டம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். முதல் வரிசையிலேயே தஞ்சாவூர் இருந்தது. காரணம் நேரானது. தண்ணீர் நிச்சயமாக வருகிற இடத்தில் விதையையும் உரத்தையும் கடனையும் சேர்த்துக் கொடுத்தால் விளைச்சல் சீக்கிரம் ஏறும். வறண்ட ராமநாதபுரத்தில் போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க நாட்டுக்கு நேரமில்லை. 1965, 66 இரண்டு வருஷமும் மழை பொய்த்து, வடக்கே பீகார்வரை பஞ்சம் பரவியது. அமெரிக்கக் கோதுமையும் மைலோ சோளமும் கப்பல் கப்பலாக இறங்கின. அந்தக் கப்பல்கள் வராவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் அப்பாவுக்கு உண்மையாகவே இருந்தது. இரவில் பாயில் படுத்துக்கொண்டு அம்மாவிடம் அதைப் பற்றித்தான் பேசுவார்.

ஆடுதுறை 27 எங்கள் ஊருக்கு வந்தது ஒரு குறுவைக்கு முன்னால். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்து, வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக ஓடிவரும் நாட்கள் அவை. அப்பா சணல் பையைப் பிரித்து ஒரு பிடி விதையை என் உள்ளங்கையில் கொட்டினார். “பாப்பா, இதுல பாதி ஜப்பான், பாதி நம்ம ஊரு” என்றார். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பானிய இனத்தையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் சேர்த்து உண்டாக்கிய நெல். சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். உரம் போட்டால் வாங்கிக்கொள்ளும். குறுவையை அறுத்துவிட்டு அதே நிலத்தில் தாளடி போடலாம். ஒரு போகம் கண்ட நிலம் இரண்டு போகம் காணும். அப்பா இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கும். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர் மாதிரி வேட்டி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டு மாதிரி வயலுக்குக் கூட்டிப்போவார். வரிசை நடவுக்குக் கயிறு பிடிக்கிறபோது ஒரு முனை என் கையில் இருக்கும். மண் மாதிரி எடுத்துத் துணிப்பையில் போட்டு, சீட்டு எழுதிக் கட்டுவது என் வேலை. பயிர் மூன்று வாரத்தில் கரும்பச்சையாக எழும்பி நின்றதைப் பார்த்து பண்ணையின் காரியக்காரர் வாயைப் பிளந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அறுவடையின்போது அப்பா வயல் நடுவில் முளை அடித்துக் கயிறு கட்டி, அந்தச் சதுரத்தை மட்டும் தனியாக அறுத்து, அடித்து, தூற்றி, தராசில் நிறுத்துக் கண்டுமுதலைப் படிவத்தில் எழுதுவார். மாவுக்குப் பத்துக் கலம் கண்ட நிலம் பதினைந்துக்கு மேல் கண்டது. அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் பசிக்கவில்லை என்றார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கீழ்வேளூரில் தையல் கடை வைத்திருந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். சட்டைக்கும் பாவாடைக்கும் இடையே அந்தக் கடையில் செங்கொடியும் தைக்கப்படும். ஓரம் அடித்து மிஞ்சிய சிவப்புத் துண்டுகளை எனக்குக் கொடுப்பார். என் மரப்பாச்சிக்கு வேண்டிய மட்டும் சிவப்புச் சேலை இருந்தது. சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். திண்ணையில் அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு அவரும் அப்பாவும் பேச ஆரம்பித்தால் கோழி கூவிவிடும்.

மாமா சொல்லித்தான் பழைய கதைகள் எனக்குத் தெரியும். பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அம்மா பிறந்ததற்கு அப்புறமும் இருந்தது என்று கேட்டபோது நம்ப முடியவில்லை. பி. சீனிவாசராவ் என்ற கன்னடக்காரர் நாற்பதுகளில் இந்தப் பக்கம் வந்து, சேரிச் சேரியாக நடந்து, கூழ் கொடுத்த இடத்தில் குடித்து, படுக்கச் சொன்ன இடத்தில் படுத்து, சங்கம் கட்டினார். அடித்தால் அடி வாங்கிக்கொண்டு நிற்காதே என்று அவர் சொன்னதுதான் அந்த ஜனங்கள் காதில் முதன்முதலாக விழுந்த அரசியல். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்தப் போராட்டங்களின் அழுத்தத்தால். தெற்குத் தெருவில் முனை மழுங்கிய ஒரு மூங்கிலில் கொடி பறக்கும். அதைத் தாண்டிப் போகிறபோது பெரிய பண்ணையின் காரியக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பசங்கள் நாங்கள் அதை வேடிக்கை பார்ப்போம்.

“அத்தான், நீங்க கொண்டுவந்த நெல்லு நல்ல நெல்லுதான். நான் குத்தமே சொல்லலை. வெளைஞ்சதெல்லாம் எங்க போவுது, அதச் சொல்லுங்க” என்று மாமா ஆரம்பிப்பார்.

“முதல்ல வெளையட்டும் மாப்ளே. இல்லாத சோத்தை எப்படிப் பங்கு போடுவீங்க? விதைக்கு சாதி தெரியாது. யாரு போட்டாலும் மொளைக்கும்.”

“விதைக்குத் தெரியாது அத்தான். வரப்புக்குத் தெரியும்.”

இருவரில் யார் சரி என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். இரண்டு பேருக்கும் காபி போட்டுக்கொண்டே, “ரெண்டு பேரும் ஒரே ஜனத்துக்குத்தான் பேசறாங்க, தூங்கு” என்பாள்.

வரப்புக்குத் தெரியும் என்று மாமா சொன்னது வாய்ச்சவடால் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் உரக்கடன் வாங்க நிலம் யார் பேரில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். எங்கள் பக்கம் பாதிக் குத்தகை வாய்ப்பேச்சுக் குத்தகை. மூன்று தலைமுறையாக உழுதவன் பேர் எந்தக் கணக்கிலும் இருக்காது. 1961-இன் உச்சவரம்புச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று சொன்னது. சொன்னதற்குள் ஏகப்பட்ட விலக்கு. ஆக, விதை எல்லோருக்கும் பொதுவாக வந்தது. உரமும் கடனும் பட்டா இருந்த வீட்டில் ஏறி உட்கார்ந்தன. இது அப்பாவுக்குத் தெரியாததில்லை. கடன் மனுக்களை நிரப்பிக் கொடுத்தவரே அவர்தான். பேர் இல்லாதவர்களின் மனு திரும்பி வருகிறபோது அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையும் அவருடையது.

மருந்து அடித்த நாள் ஒன்றைச் சொல்ல வேண்டும். குருத்துப் பூச்சிக்கு எண்ட்ரின் தெளித்தார்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆள் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டி வயலுக்குள் இறங்கினான். என்னை வரப்பிலேயே நிற்கச் சொல்லிவிட்டார் அப்பா. மறுநாள் காலையில் நாங்கள் போனபோது வடிகால் வாய்க்காலில் மீன் வெள்ளைவெளேரென்று வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. கெளுத்தி, குரவை, கெண்டை. ஓரத்துச் சேற்றில் நண்டு கால் மடக்கிக் கிடந்தது. தெற்குத் தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்கு நெல் குத்த வருகிற ஆத்தா முழங்கால் தண்ணீரில் நின்று மடியில் அள்ளிக்கொண்டிருந்தாள். வலை போடாமல், ஊத்தா கவிழ்க்காமல் இவ்வளவு மீன் கிடைத்ததில் அவளுக்குச் சிரிப்பு.

அப்பா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். “ஆத்தா, கீழ போடு! அது விஷம்!”

அவள் மடியைப் பார்த்தாள். “நேத்துவரைக்கும் இந்த வாய்க்காத்தான் ஐயா எங்களுக்குக் கொழம்பு வச்சுக் குடுத்துச்சு” என்றாள்.

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து அவள் கையில் வைத்து, மீன் அத்தனையையும் வாங்கினார். காரியக்காரரிடம் மண்வெட்டி கேட்டு வாங்கி, தானே குழி தோண்டிப் புதைத்தார். அவள் போகாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். “இன்னிக்கு வாங்கிட்டீங்க. நாளைக்கு?” என்று கேட்டாள். அதில் கோபம் கிடையாது. நாளைக்கு என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு வளர்ந்த பிறகுதான் புரிந்தது. வயல் என்றால் நெல் மட்டும் இல்லை. நட்ட பயிருக்குள் நத்தையும் நண்டும் மீனும், அறுத்த தாளுக்குள் எலி வளையில் ஒளித்த நெல்லும், களத்தில் சிந்தியதும், வரப்புக் கீரையும் கூலி இல்லாத நாட்களில் அந்த ஜனங்களின் வயிற்றை நனைத்தவை. நீளமான பழைய ரகத்து வைக்கோல் அவர்கள் கூரைக்குப் போயிற்று. இவை எவற்றுக்கும் அப்பாவின் படிவத்தில் கட்டம் கிடையாது. ஏக்கருக்கு எத்தனை ராத்தல் அமோனியம் சல்பேட், எத்தனை நெல் என்று இரண்டு பக்கம் இருந்த அந்தக் காகிதத்தில், இழந்தது எதுவும் எழுதப்படவே இல்லை. எழுதப்படாததால் இழப்பே இல்லை என்று மேலே போய்ச் சேர்ந்தது. விஞ்ஞானத்தின் மேல் எனக்கு இருக்கிற மரியாதை அப்பாவிடமிருந்து வந்தது. அந்த மரியாதையோடுதான் சொல்கிறேன். எதை அளப்பது, எதை அளக்காமல் விடுவது என்று முடிவு செய்கிற இடத்திலேயே நியாயமும் அநியாயமும் தொடங்கிவிடுகின்றன.

ஆடுதுறை 27-க்கு ஒரு குறை இருந்தது. அது மழை வருகிற நேரத்தில் முற்றும். பழைய ரகங்கள் போல அறுத்ததும் சிலகாலம் உறங்காது. ஈரம் பட்டால் கதிரிலேயே முளை விடும். புரட்டாசி ஐப்பசி மழையில் களமெல்லாம் ஈர நெல் குவிந்து, பச்சை முளையோடு புளித்த வாடை அடித்தது. இந்த ஈர நெல்லை என்ன செய்வது என்று ஆராய்வதற்கென்றே 1967-இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்க வேண்டி வந்தது. தஞ்சாவூரில் இன்று தேசிய நிறுவனமாக வளர்ந்து நிற்பது அதுதான்.

நிலக்காரருக்கு ஈரம் ஒரு பிரச்சினை. அறுக்கிறவருக்கு வேறொரு பிரச்சினை. கூலி நெல்லாகத்தான் அளந்தார்கள். ஈர நெல்லை ஈரத்தோடேயே அளந்து போட்டார்கள். பண்ணை மரக்கால் ஏற்கெனவே சின்னது என்று தெற்குத் தெருவில் பேச்சு உண்டு. அதில் ஊதிப்போன நெல்லை அளந்தால் வீட்டுக்குப் போய்க் காய வைத்துக் குத்துகிறபோது கைக்கு வருவது எவ்வளவு?

மாமாதான் அந்த யோசனையைச் சொன்னார். “அத்தான், நீங்க விஞ்ஞானம் படிச்சவரு. அளந்து சொல்லுங்க.”

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய் மரக்காலை எடுத்து வந்தார். ஆத்தா வாங்கி வந்த கூலி நெல்லை அப்படியே கூடத்தில் அளந்து, தராசில் நிறுத்து, நோட்டில் எழுதினார். வெயில் அடித்த நாளெல்லாம் கொல்லையில் பாய் விரித்து அதைக் காய வைத்தோம். காக்கை ஓட்டுவது என் பொறுப்பு. மழை இருட்டினால் வாரிக்கொண்டு உள்ளே ஓடுவோம். காய்ந்ததும் மறுபடி அளந்தார், நிறுத்தார். மரக்கால் நிரம்பவில்லை. எடையும் நன்றாகக் குறைந்திருந்தது. உரலில் போட்டு அம்மாவும் ஆத்தாவும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். முளை விட்ட நெல் குருணையாக உடைந்தது. அரிசியையும் குருணையையும் தவிட்டையும் தனித்தனியாக நிறுத்தார். பக்கத்திலேயே எங்கள் வீட்டுப் பத்தாயத்திலிருந்து எடுத்த காய்ந்த நெல்லையும் அதே அளவு குத்தி நிறுத்து, இரண்டு வரிசையாக எழுதினார். மாதிரி வயலில் செய்கிற அதே கவனம், அதே மை, அதே கையெழுத்து. என் ஆயுளில் நான் பார்த்த மிக உயர்ந்த விஞ்ஞானம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில், மரக்காலும் உரலும் வைத்துக்கொண்டு, ஒரு கிழவியின் கூலியை அவர் கணக்குப் போட்டார்.

அந்த வருஷ அறிக்கையோடு அந்தக் கணக்கையும் ஒரு பக்கமாக இணைத்து அனுப்பினார். அறுவடைக் கூலியைக் காய்ந்த நெல்லாக அளக்க வேண்டும், புது ரகத்தால் கூடிய விளைச்சலில் கூலிக்கும் பங்கு கூட வேண்டும் என்று அடியில் இரண்டு வரி. மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்து, இது நம் இலாகா சமாசாரம் இல்லை என்றார். அப்பா அந்தக் காகிதத்தை மடித்து மாமாவிடம் கொடுத்தார்.

அரைப்படி நெல் கூடுதலாக வேண்டும் என்று சங்கம் கேட்டது. இரண்டு போகம் என்றானபின் அறுவடைக்கு ஆள் அவசரமாக வேண்டும். மழைக்கு முன்னால் அறுத்தாக வேண்டும். கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. அந்த அவசரத்தையே நிலக்காரர்கள் மிரட்டலாக எடுத்துக்கொண்டார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் கட்டினார்கள். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்று தெருத்தெருவாகக் கட்டாயம் நடந்தது. கோர்ட்டு, போலீஸ், அபராதம். பள்ளிக்கூடம் போகிற வழியில் மூங்கில் முனையில் கொடி இருக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டே போவேன்.

1968 டிசம்பர் 25. அரைப் பரீட்சை லீவு. மார்கழிக் குளிர். மறுநாள் காலையில் பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்விடுகிற தூரத்தில் இருந்த கீழவெண்மணியில் ராத்திரி நெருப்பு. நிலக்காரர்களின் அடியாட்களுக்குப் பயந்து சேரிப் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும் ராமையா என்பவரின் சின்னக் குடிசைக்குள் போய் ஒண்டியிருக்கிறார்கள். வெளியே பூட்டித் தீ வைத்துவிட்டார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

தெற்குத் தெருவில் அன்று அடுப்பு எரியவில்லை. ஆத்தா நெல் குத்த வரவில்லை. அம்மா என்னை வாசல் தாண்ட விடவில்லை. சாலையில் போலீஸ் வண்டி போவதும் வருவதுமாக இருந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். அவருடைய சைக்கிள் கேரியரில் தாளடிக்குப் போட வேண்டிய உரச்சீட்டுகள் கட்டாக இருந்தன. மாமா சில நாள் கழித்து வந்தார். தலை சீவவில்லை, கண் உள்ளே போயிருந்தது. “புள்ளைங்கக்கா” என்றார் அம்மாவிடம். அதற்கு மேல் பேச முடியவில்லை. அப்பா எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் விளைச்சலா பங்கா என்று வாதாடி நான் கேட்டதில்லை.

வழக்கு நடந்தது. கீழ்க் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டவர்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். நிலபுலனும் கௌரவமும் உள்ளவர்கள் தாங்களே போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பில் சொல்லப்பட்டதை மாமா பத்திரிகையில் வாசித்துக் காட்டியபோது நான் பெரிய பெண்ணாகியிருந்தேன்.

கீழவெண்மணிக்கு விதை காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தீ வைத்தவை மனிதக் கைகள். அந்தக் கைகளுக்குத் தைரியம் கொடுத்தது சாதி. நூற்றாண்டுகளாக அடித்துப் பழகிய சாதி. ஆடுதுறை 27 வராமல் இருந்திருந்தால் தெற்குத் தெரு இன்னும் பட்டினி கிடந்திருக்கும், அதுவும் நிஜம். என் குற்றச்சாட்டு வேறு. விளைச்சலை ஏற்றுவது இன்றைக்கு, நிலத்தையும் கூலியையும் பற்றி யோசிப்பது என்றைக்கோ என்று வரிசைப்படுத்தியது இயற்கை இல்லை. மேஜையில் உட்கார்ந்து மனிதர்கள் எடுத்த முடிவு அது. பெருகுகிற செல்வத்தைப் பங்கு கேட்பார்கள், கொடுக்க மறுப்பார்கள், மோதல் வரும் என்பது திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு தையல்காரருக்குத் தெரிந்தது. டெல்லிக்கு அது 1969-இல் தெரிந்தது. உள்துறை அமைச்சகமே கிராமங்களில் கொதிப்பு ஏறுவதைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்து, புதிய விவசாயத்தின் பலன் பெரிய நிலக்காரர்களிடம் சேர்வதை அதில் ஒரு காரணமாக எழுதியது.

விஞ்ஞானிகளுக்குக் கண் இல்லாமல் இல்லை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் கீழவெண்மணி எரிந்த அதே 1968-இன் ஜனவரியில் வாரணாசி அறிவியல் மாநாட்டில், மண்ணைப் பேணாமல் உரத்தைக் கொட்டினால், வடிகால் இல்லாமல் பாசனம் செய்தால், கண்மூடித்தனமாக மருந்தடித்தால், ஊர் ஊருக்கு இருந்த ரகங்களை அழித்து ஒன்றிரண்டை மட்டும் எங்கும் பரப்பினால் என்ன ஆகும் என்று எச்சரித்தார். வாய்க்காலில் செத்து மிதந்த மீன் அந்த எச்சரிக்கைக்குள் இருக்கிறது. ஆத்தாவின் மரக்காலைப் பற்றிய எச்சரிக்கை எந்த மாநாட்டிலும் ஒலித்ததாக நான் படித்ததில்லை. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஓர் இளம் விஞ்ஞானி, இந்த ஆராய்ச்சியால் ஏழை விவசாயிக்குப் பிரயோஜனமில்லை என்று 1969-இல் வேலையை விட்டு வெளியே வந்தார். அவர் நம்மாழ்வார். பழைய ரகங்களைத் தேடி மீட்கும் வேலை இந்தப் பக்கம் பல வருஷம் கழித்துத் தொடங்கியபோது அதற்கு முன்னால் நின்றவர். அப்பா அவரை நேரில் பார்த்ததில்லை. பத்திரிகையில் வந்த அவர் படத்தைக் கத்தரித்து வைத்திருந்தார்.

அப்பாவுக்கு 1969-இல் மாற்றல் வந்தது. காவிரி எட்டாத ஒரு தாலுகா. கிழித்துக் கொடுத்த அந்தப் பக்கம் எங்கெங்கோ சுற்றி, சங்கக் கூட்டங்களில் வாசிக்கப்பட்டு, யாரிடம் போய்ச் சேர வேண்டாமோ அவர்களிடமும் சேர்ந்துவிட்டது என்று அம்மா சொல்வாள். வண்டியில் சாமான் ஏற்றிய அன்று ஆத்தா ஒரு சின்ன மூட்டை கொண்டுவந்து கொடுத்தாள். குடவாழை அரிசி. எங்கேயோ மேட்டு வரப்போரத்தில் யாரோ விட்டுவைத்திருந்த பழைய சிவப்பு நெல்லைக் குத்தியது. “பிள்ளைக்குக் கஞ்சி வச்சுக் குடும்மா” என்றாள். அப்பா புது ஊரிலும் விதை கொடுத்தார், உரம் கொடுத்தார், மண் மாதிரி எடுத்தார். ரிட்டையர் ஆகும்வரை கண்டுமுதல் எழுதிய ஒவ்வொரு படிவத்தின் ஓரத்திலும் அந்த ஊரின் அறுவடைக் கூலி என்ன என்று பென்சிலில் குறித்துவைத்தார். யாரும் கேட்கவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை.

சட்டங்கள் பிறகு வந்தன. கிழக்குத் தஞ்சைக்கென்று 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். அதே வருஷம் குத்தகைதாரர் பேரைப் பதிவு செய்யச் சட்டம். 1970-இல் உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைந்தது. 1971-இல் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம். நில உரிமைக்காகச் சர்வோதயத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்த மண்ணிலேயே தங்கி உழைத்தார்கள். இவற்றில் எது அந்த டிசம்பருக்கு முன்னால் வந்திருந்தாலும் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட எனக்கு மனம் வருவதில்லை.

இப்போது டெல்டாவில் அறுவடை இயந்திரம் அறுக்கிறது. அறுவடைக் கூலி என்ற ஒன்றே பல ஊர்களில் இல்லாமல் போய்விட்டது. ட்ரோன் மருந்தடிக்கிறது. 2025 மே மாதம், மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. அதில் ஒன்று நம் வயல்களில் வெகுவாகப் பயிராகும் சம்பா மசூரியிலிருந்து உண்டாக்கியது. விளைச்சல் கூடும், சீக்கிரம் முற்றும், தண்ணீர் மிச்சமாகும் என்கிறார்கள். கூடட்டும், மிச்சமாகட்டும். அப்பாவின் மகள் நான், புது விதையைக் கண்டு பயப்படுகிறவள் இல்லை. வேளாண் கல்லூரிகளில் படித்து நாளைக்கு ஆய்வகத்துக்கும் அலுவலகத்துக்கும் போகப்போகிற பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உங்கள் படிவத்தில் கூலிக்கு ஒரு கட்டம் போடுங்கள். வாய்க்கால் மீனுக்கு ஒரு கட்டம் போடுங்கள். அது நம் இலாகா இல்லை என்று யாராவது அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தால், மறுபடி எழுதி இணையுங்கள்.